ஆய்வகமா, அறிவியல் கொள்கையா, மலையா?

தேனி மாவட்டத்தின் மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 32. அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்து இப்போது பெங்களூருவில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வாளராக இருக்கிறார். மிகக் குறைந்த வெப்பநிலையில் பொருள்களின் மின்பண்புகளை அளப்பது அவருடைய ஆய்வு. ஒப்பந்தம் வரும் மார்ச்சில் முடிகிறது. உதவிப் பேராசிரியர் பணிக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்கு நல்ல பதில் வரவில்லை.

இதற்கிடையே, உத்தரகாசியில் அடிப்படை மலையேற்றப் பயிற்சியையும் உயர்நிலைப் பயிற்சியையும் முடித்து, இமாச்சலத்தின் ஸ்பிட்டியில் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு சிகரத்திலும் ஏறியிருக்கிறார். டேராடூனில் உள்ள மலையேற்ற நிறுவனம் ஒன்று வழிகாட்டிகளுக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் பொறுப்பாளராக வரச்சொல்லி அழைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், அறிவியல் தொடர்பான அரசு முடிவுகளில் உதவித்தொகையோடு சில காலம் பணிபுரியும் அறிவியல் கொள்கை ஃபெலோஷிப் ஒன்றின் நேர்காணலுக்கும் போயிருக்கிறார். “இயற்பியலை ஏன் விடுகிறீர்கள்?” என்று அங்கே கேட்டபோது வாயடைத்துப்போனதாக எழுதுகிறார். தன்விவரக் குறிப்பில் மலையேற்றத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேலைக்கு ஊறு வரும் என்று மறைத்துவிட்டார். 2018 குரங்கணிக் காட்டுத்தீயின் நினைவு இன்னும் ஆறாத அம்மா, “ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று எத்தனை நாள்?” என்று கேட்கிறார். கொள்கைத் துறைக்குப் போவது தோல்வியா, அரசு வேலை கிடைத்தால் மலைகளை மறந்துவிட வேண்டியதுதானா, அமெரிக்காவில் புகழ்பெற்ற கொள்கை ஃபெலோஷிப்புக்கு முயலலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் நடுவே ஒரு வரி: “எங்கள் ஊர்க்காரர்கள் நியூட்ரினோ திட்டத்தை எதிர்த்தது அறியாமையால். அறிவியலை மக்களுக்குப் புரியவைக்கத்தான் கொள்கைத் துறைக்குப் போக நினைக்கிறேன்.” (நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய, தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டிருந்தார்கள்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் தெரிந்தது உங்கள் களைப்பு. நிரந்தர வேலையில்லாமல் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவிக்கொண்டிருக்கும் ஆய்வாளர்கள் எல்லோரிடமும் இது இருக்கிறது. இந்தக் களைப்போடு எடுக்கும் முடிவில், எங்கே போகிறோம் என்பதைவிட எதிலிருந்து தப்பிக்கிறோம் என்பதே பெரிதாகிவிடும். அதனால் மார்ச் மாதத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசுவோம். பிறகு அதற்கும் வருவோம்.

நேர்காணலில் வாயடைத்துப்போனதற்குக் காரணம் பதில் தெரியாதது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘இயற்பியலை விடுகிறீர்கள்’ என்று அவர்கள் எடுத்துக்கொண்டதை நீங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். பிறகு ‘ஏன்’ என்பதற்கு என்ன சொன்னாலும் அது தோற்றவர் சொல்லும் சமாதானமாகத்தான் கேட்கும்.

ஜான் டின்டாலை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1859இல் தொடங்கிய சோதனைகளில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை அளந்து காட்டியவர். இன்றைய பருவநிலை அறிவியல் நிற்கும் அடித்தளங்களில் அதுவும் ஒன்று. அவரை ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துப்போனது, பனியாறு எப்படி நகர்கிறது என்ற இயற்பியல் கேள்வி. போனவர் மலையேறியாகவே ஆகிவிட்டார். 4,500 மீட்டரைத் தாண்டும் வைஸ்ஹார்ன் சிகரத்தை 1861 ஆகஸ்டில் முதன்முதலாக எட்டியது அவரும் இரண்டு வழிகாட்டிகளும். அதே மனிதர், ஃபாரடேக்குப் பிறகு, இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்புக்கு அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். மூடுபனியில் எந்த ஒலி கப்பலுக்கு எட்டும் என்று கடற்கரையில் நின்று சோதித்தார். கலங்கரை விளக்குக்கு வாயு விளக்கு வடிவமைத்த ஒருவர் நியாயமாக நடத்தப்படவில்லை என்று கருதியதால் 1883இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆய்வகம், மலை, அரசுக்கு ஆலோசனை ஆகிய மூன்றும் ஒரே வாழ்க்கையில் இருந்தன. அவர் இயற்பியலை விட்டுவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

நம் காலத்துக்கு நெருக்கமாகச் சொன்னால் ஆர்லீன் புளூம். உயிர் இயற்பிய வேதியியலில் முனைவர். குழந்தைகளின் இரவு உடைகளில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த ‘டிரிஸ்’ என்ற ரசாயனம் மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று 1977இல் சக விஞ்ஞானி ஒருவருடன் சேர்ந்து எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. மறு ஆண்டு அன்னபூர்ணாவுக்குப் பெண்கள் குழுவைத் தலைமையேற்று அழைத்துச் சென்றார். சிகரத்தைத் தொட்ட இரு பெண்களில் ஒருவரான ஐரீன் மில்லர் உங்களைப் போல இயற்பியலாளர். அடுத்த முயற்சியில் அந்தக் குழுவின் இரண்டு பெண்கள் உயிரிழந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவின் பயத்துக்குப் பெறுமதி உண்டு. பல ஆண்டுகள் கழித்து, 2008இல், புளூம் அறிவியல் கொள்கைக்காகவே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். நச்சு ரசாயனங்களைப் பற்றிய ஆய்வை ஒழுங்குமுறையாளர்களிடம் கொண்டுசேர்ப்பது அதன் வேலை.

ஆகவே உங்கள் தன்விவரக் குறிப்பிலிருந்து மலையை அழித்ததை முதலில் திருத்துங்கள். பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ் கடைசி வரியாக அல்ல, தனித் தலைப்பில் எழுதுங்கள். இன்னொரு பயணத்தில் சிகரத்துக்குச் சற்றுக் கீழே, கூட வந்தவருக்குத் தலைவலியும் தள்ளாட்டமும் தொடங்கியதும் கயிற்றைத் திருப்பி எல்லோரையும் இறக்கியதாகக் கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். முழுத் தகவல் இல்லாத நேரத்தில், பலரும் முன்னே போகச் சொல்லும்போது, திரும்பலாம் என்று முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். கொள்கை வேலைக்கு ஆளெடுப்பவர்கள் தேடுவது இதைத்தான். இரண்டு வரிகளில் அதை எழுதுங்கள்.

கொள்கை வேலை எப்படி இருக்கும்

இந்தத் துறையில் இரண்டு வகை வேலைகள் உண்டு. ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம், எந்தத் துறைக்கு, யாருக்கு, எந்த விதியின்படி என்று யோசிப்பது ஒன்று. 1958இல் நேரு அரசு கொண்டுவந்த அறிவியல் கொள்கைத் தீர்மானம் முதல் 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வரை இந்த வகையைச் சேர்ந்தவை. வெள்ளம், மின்சாரம், மருந்து, காற்று மாசு என்று அரசு எடுக்கும் முடிவுகளுக்கு அறிவியலைக் கொண்டுசேர்ப்பது மற்றொன்று. உங்கள் கடிதம் முழுவதும் இரண்டாவதைத்தான் பேசுகிறது. ஆனால் நீங்கள் விண்ணப்பித்தது முதல் வகை வேலைக்கு. நேர்காணலில் தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது வகையை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு சிக்கிமின் தெற்கு லோனாக் பனியாற்று ஏரி உடைந்தது. வெள்ளம் சுங்தாங்கில் இருந்த தீஸ்தா அணையைத் தகர்த்துக்கொண்டு போனது. அந்த ஏரி ஆபத்தானது என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகவே எழுதியிருந்தார்கள். வெள்ளத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சில கண்காணிப்புக் கருவிகள் மேலே வைக்கப்பட்டிருந்தன. முழுமையான எச்சரிக்கை அமைப்பு வருவதற்குள் ஏரி முந்திக்கொண்டது. இனி, 5,000 மீட்டர் உயரத்தில் இன்னொரு ஏரிக்கு எச்சரிக்கைக் கருவி வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் பேட்டரியின் திறன் அறை வெப்பநிலையில் அளந்த எண்ணாக எழுதப்பட்டிருக்கும். உறைநிலைக்கு 20 டிகிரி கீழே அதே பேட்டரி எவ்வளவு தரும் என்று உங்களுக்குத் தெரியும். சூரியத் தகட்டைப் பனி மூடினால் எத்தனை நாள் தாங்கும், உணர்கருவியின் கம்பி குளிரில் எங்கே விடும் என்பதும் தெரியும். அந்த இடத்துக்குக் குளிர்காலத்தில் ஓர் ஆள் ஏறிப்போய்ப் பழுது பார்க்க முடியுமா என்பதை மலையேறிய கால்களோடு சொல்லவும் உங்களால் முடியும். பிறகு வரும் கேள்விகள் இயற்பியலில் இல்லை: சைரன் ஒலித்தால் கீழே அணையின் மதகைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? பொய் எச்சரிக்கை வந்தால் பழி யாருக்கு? கருவியைப் பராமரிக்க மூன்றாம் ஆண்டு பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும்? இந்த மூன்றையும் சேர்த்து, ஓர் ஐஏஎஸ் அதிகாரி பத்து நிமிடத்தில் படித்து முடிவெடுக்கும்படி இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவதுதான் கொள்கை வேலை.

பனியாற்று ஏரி வெள்ள அபாயத்தைக் குறைக்க 2024இல் மத்திய அரசு 150 கோடி ரூபாய் தேசியத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதை நடத்துகிறது. ஆய்வுக் குழுக்கள் ஏரிகளுக்கே நடந்துபோகின்றன. கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் 2016 முதல் ஸ்பிட்டியில் 4,000 மீட்டருக்கு மேல் ‘ஹிமான்ஷ்’ என்ற ஆய்வு நிலையத்தை வைத்திருக்கிறது. அண்டார்டிகாவின் மைத்ரி, பாரதி நிலையங்களுக்குப் போகிறவர்களுக்கு அவுலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி உண்டு. பனிச்சரிவை முன்கணிக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும், டேராடூனின் வாடியா இமாலயப் புவியியல் நிறுவனமும் இருக்கின்றன. லடாக்கின் ஹான்லேயில், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் லடாக் நிர்வாகத்தோடும் கிராமத்து மக்களோடும் சேர்ந்து, இரவு வானின் இருளைக் காக்கும் இருள்வான் காப்பகத்தை உருவாக்கியிருக்கிறது. விளக்குகளுக்குக் கவசம், வாகன வெளிச்சத்துக்குக் கட்டுப்பாடு, ஊர் இளைஞர்களுக்குத் தொலைநோக்கிப் பயிற்சி என்று அதுவும் அறிவியல் கொள்கைதான், அதுவும் 4,500 மீட்டர் உயரத்தில். இந்த நிறுவனங்களின் பெயர் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆய்வகம், கொள்கை வேலைக்கான டெல்லி அலுவலகம், டேராடூன் நிறுவனம் என்று மூன்று கதவுகளையே பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் ஊர் மலையைப் பற்றி

இனி சொல்வதைக் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள். ஊர்க்காரர்கள் அறியாமையால் எதிர்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தோடு கொள்கைத் துறைக்குள் நுழையாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நியூட்ரினோ ஆய்வுக்கூடம் இயற்பியல் கண்ணோட்டத்தில் அருமையான திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்த நாடு நாம். அந்த மரபைத் தொடர, எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்த குகையும் அதற்குள் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு உணர்கருவியும் தேவைப்பட்டன. இரும்பைத் துளைத்துப் போகும் நியூட்ரினோவால் பொட்டிப்புரத்தில் யாருக்கும் நோய் வரப்போவதில்லை. கதிர்வீச்சு என்று பரவிய பயத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லை. இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் ஊர் கேட்டது அந்த ஒரு கேள்வியை மட்டும் அல்ல. அம்பரப்பர் மலையைக் குடைய எவ்வளவு வெடி வைப்பீர்கள், உடைத்த பாறையை எங்கே கொட்டுவீர்கள், எத்தனை லாரி எந்தச் சாலையில் போகும், தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், எங்கள் மாடு இனி எங்கே மேயும், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பக்கத்தில் இருக்கிறதே என்றெல்லாம் கேட்டார்கள். இவை இயற்பியல் தெரியாதவர்களின் கேள்விகள் அல்ல, மலையைத் தெரிந்தவர்களின் கேள்விகள். இந்தத் திட்டம் முதலில் நீலகிரியில் சிங்காராவுக்கு வந்தபோது, முதுமலை யானை, புலி வாழ்விடத்தைக் காரணம் காட்டி 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே மறுத்திருந்தது. அப்போதே எச்சரிக்கை கிடைத்துவிட்டது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. பிறகு பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று வழக்குகள் நீண்டன. 2022இல் இந்தத் திட்டத்துக்கு அனுமதி தர விருப்பமில்லை என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

‘எங்களுக்குத் தெரியும், உங்களுக்குப் புரியவைக்கிறோம்’ என்ற இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கியதில் ஒரு தலைமுறை இயற்பியலாளர்களின் உழைப்பு நின்றுபோனது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் உண்டு. அரசியலே காரணம் என்பார்கள். அரசியலும் இருந்தது. ஆனாலும் மக்களிடம் முதலில் போய், இடத்தேர்வு முடிவதற்கு முன்பே, ‘எங்களுக்கு இப்படி ஒரு பாறை தேவை, உங்கள் மலையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தால் பேச்சின் தொனியே வேறாக இருந்திருக்கும். அதைச் செய்ய மலையும் இயற்பியலும் ஊர்ப்பேச்சும் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்க முடியும். புரியவைக்கப் போகிறவராக அல்ல, இரண்டு பக்கத்தையும் கேட்டு எழுதுகிறவராக. விண்ணப்பத்தில் உங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது ‘அறியாமை’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். தேர்வுக் குழுவில் விவரமறிந்தவர் ஒருவர் இருந்தால் அந்தச் சொல்லிலேயே உங்களை நிராகரித்துவிடுவார்.

டேராடூன் வேலை

உடனே மறுக்க வேண்டியதில்லை. அது கீழான வேலை என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழிகாட்டிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தருவது உயிர்காக்கும் வேலை. குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான் 2018இல் தமிழ்நாடு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் பயிற்சிபெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு 40 பாதைகளைத் திறந்துவிட்டது. எந்த மாதத்தில் எந்தப் பாதையை மூட வேண்டும், ஒரு குழுவில் எத்தனை பேர், வழிகாட்டிக்கு என்ன தகுதி என்பவை அனைத்தும் கொள்கைக் கேள்விகளே.

ஆனால் வேலையை ஏற்பதற்கு முன் மூன்று காகிதங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது உங்கள் மருத்துவக் காப்பீடு. நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டு ஆவணங்களில் சாகச விளையாட்டு பற்றி ஒழுங்குமுறை ஆணையம் தந்த பொதுவான விலக்கு ஒன்று இருக்கிறது. பாறையேற்றம், மலையேற்றம் போன்றவற்றில் ‘தொழில்முறையாக’ ஈடுபடும்போது ஏற்படும் காயத்துக்கான சிகிச்சைச் செலவை நிறுவனம் தர வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இன்றுவரை நீங்கள் ஆர்வத்தால் ஏறுகிறவர். சம்பளம் வாங்கிய நாளிலிருந்து தொழில்முறையாளர். உங்கள் பாலிசி உங்களைக் காக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலைக்குப் போனபின் காக்காமல் போகலாம். நிறுவனம் குழுக் காப்பீடு எடுத்துத் தருகிறதா, எந்த உயரம் வரை, ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, பணி ஒப்பந்தம். ஊழியர் என்று எழுதியிருக்கிறதா, ஃப்ரீலான்ஸ் ஆலோசகர் என்றா? இரண்டாவதாக இருந்தால் பிஎஃப், விபத்து இழப்பீடு போன்ற ஊழியருக்கான பாதுகாப்புகள் உங்களுக்கு இல்லாமல் போகலாம். மூன்றாவது, அதிகாரம். ஒரு பயணத்தை வானிலை காரணமாக ரத்துசெய்யும் உரிமை பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு உண்டா, அல்லது விற்பனைப் பிரிவிடம் கேட்க வேண்டுமா? கடைசிச் சொல் உங்களுடையது என்று எழுதித் தராத நிறுவனத்தில் அந்தப் பொறுப்பை ஏற்காதீர்கள். விபத்து நடந்தால் பெயர் உங்களுடையதாக இருக்கும். 2022 அக்டோபரில் உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரப் பனிச்சரிவில் பயிற்சி மாணவர்களும் பயிற்றுநர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் படித்த அதே உத்தரகாசி நிறுவனத்தின் குழு. தேர்ந்தவர்கள் இருந்தும் அது நடந்தது.

என் யோசனை: வருடம் முழுவதுக்குமான வேலையாக ஏற்காமல், ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு பருவத்துக்கு மட்டும் வருகிறேன் என்று கேட்டுப்பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த இடைவெளியை அது நிரப்பும். பாதுகாப்புக் கையேடு ஒன்றை எழுதி முடித்துக் கையோடு கொண்டுவந்தால், பின்னால் எந்தக் கொள்கை நேர்காணலிலும் அதை முன்னால் வைக்கலாம். அதற்கு மேல் நீண்டால், இயற்பியல் உலகம் உங்களை மெல்ல மறக்கத் தொடங்கும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன்.

இன்னும் சில திருத்தங்கள்

அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கொள்கை ஃபெலோஷிப் 1973 முதல் நடக்கிறது. விஞ்ஞானிகளை நாடாளுமன்ற அலுவலகங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் அனுப்பும் சிறந்த திட்டம் அது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே. அதற்கென்று செலவழிக்க நினைக்கும் மாதங்களை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களோடு பணிபுரியும் இளையோர் ஃபெலோஷிப்புக்கு 25 வயது வரம்பு. தமிழ்நாடு முதலமைச்சரின் ஃபெலோஷிப்புக்கு வயது வரம்பு 30. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு என்பதால் உங்கள் பிரிவைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். உங்களுக்குப் பொருத்தமானது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கொள்கை ஃபெலோஷிப். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட இடங்களில் அதன் கொள்கை ஆய்வு மையங்கள் இருக்கின்றன. நீங்கள் ஊர் மாறக்கூட வேண்டியதில்லை.

அந்த ஃபெலோஷிப் முடிந்ததும் அரசில் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறீர்கள். அப்படி எந்த உரிமையும் கிடையாது. அதுவும் காலவரையறை உள்ள ஒப்பந்தமே. உதவித்தொகையும் உங்கள் போஸ்ட்டாக் தொகையிலிருந்து வானளவு உயர்ந்துவிடாது. 2023 ஜனவரி முதல் ரிசர்ச் அசோசியேட் பணிக்கான தொடக்கத் தொகை மாதம் 58,000 ரூபாய். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று பார்த்தபிறகு ராஜினாமாக் கடிதத்தைப் பற்றி யோசியுங்கள். இந்தத் துறையின் பலவீனம் இது. வேலைகள் குறைவு, நிரந்தரம் அதனினும் குறைவு. அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர்களாக இருந்த ஆர்.சிதம்பரமும், 2022இல் பொறுப்பேற்ற அஜய் குமார் சூட்டும் இயற்பியலாளர்கள்தான். ஆனால் அவர்கள் ஆய்வில் நெடுங்காலம் வேரூன்றிய பிறகு அங்கே போனவர்கள். அதனால்தான் ஆண்டுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையாவது உங்கள் பெயரில் வந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறேன். குளிரில் உணர்கருவிகளும் பேட்டரிகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதையே அடுத்த கட்டுரையின் பொருளாக எடுத்துக்கொள்ளலாமே.

அரசு வேலை மலையை மறித்துவிடும் என்பதும் தவறான பயம். மத்திய அரசு ஊழியர்களுக்கு, இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் ஒப்புதல் பெற்ற பயணங்களுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு, ஆண்டுக்கு 30 நாள் வரம்புக்குள். தன்னாட்சி நிறுவனங்கள் பலவும் இதே விதியைப் பின்பற்றுகின்றன. நேபாளம் போனால் முன்அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஒப்பந்த ஃபெலோக்களுக்கு இந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. சேரும்போதே கேட்டு, பணிக் கடிதத்தில் எழுதிவாங்குங்கள்.

அடுத்த நேர்காணலில் அதே கேள்வி வரும். “விடவில்லை ஐயா, குறைந்த வெப்பநிலையில் அளவீடு செய்வது என் தொழில். அந்த அளவீடு இமயமலையில் ஓர் ஊரைக் காப்பாற்றும் முடிவாக மாறுவதற்கு நடுவே என்ன தடை இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறேன்” என்ற பொருளில், உங்கள் சொற்களில், சொல்லுங்கள். பிறகு சிக்கிம் ஏரியைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்பை எடுத்து மேசையில் வையுங்கள். அதை எழுத உங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம்.

அம்மாவைப் பற்றிக் கடைசியாக. குரங்கணித் தீயில் கருகியவர்களைக் கீழே கொண்டுவந்ததைப் பார்த்த ஊர் உங்களுடையது. “ஒன்றும் ஆகாதும்மா” என்ற சமாதானம் அவரிடம் எடுபடாது, எடுபடவும் கூடாது. அவரிடம் விவரம் சொல்லுங்கள். அடுத்த பயணத்துக்கு முன், குழுத் தலைவர் யார், எந்தத் தேதியில் எந்த முகாம், எத்தனை மணிக்குள் சிகரம் தொடாவிட்டால் திரும்புவீர்கள், தொலைபேசி எட்டாத நாள்கள் எவை, எந்தத் தேதிக்குள் பேச்சு வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி அப்பாவின் கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அன்று சிகரத்துக்குக் கீழே திரும்பி இறங்கிய கதையை அவரிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்காவிட்டால், இந்த முறை ஊருக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள்.